ஃப்ளோராவின் ஷூ என் அளவு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெங்களூரில் ஒரு பெரிய ஷூ கடையில் என் மகளோடு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அங்கே வயசானவர்கள் உட்காரும்படியாக எதுவும் கிடையாது. வட்ட வட்டமாக மெத்தை தைத்த குட்டை முக்காலிகள்தான். அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். கடைப் பையன்கள் எல்லாம் ஓட்டப்பந்தயத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். காதைப் பிளக்கும் பாட்டு வேறு.

என் மகள் நிவி கல்லூரி பாஸ்கெட்பால் டீமில் ஆடுகிறாள். நன்றாக ஆடுகிறாளா என்று கேட்காதீர்கள். அம்மாக்காரி சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை, அதிலும் நான் சொல்லும் பதிலுக்குச் சுத்தமாக இல்லை. ஏன் என்று பிறகு தெரியும். அவளுக்குப் புது ஷூ வேண்டும். பெட்டி பெட்டியாகத் திறந்து, போட்டு, நாலு எட்டு நடந்து, உதட்டைப் பிதுக்கிக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இத கையில தூக்கிப் பாரேன். வெயிட்டே இல்ல."

நீட்டியதை வாங்கினேன். ஷூ என்றால் ஒரு கனம் இருக்கும் என்று கைக்கு ஒரு கணக்கு உண்டல்லவா? அந்தக் கணக்கில் வாங்கினேன். நிறைகுடம் என்று நினைத்துக் காலிக்குடத்தைத் தூக்கியவள் மாதிரி கை சட்டென்று மோவாய் வரைக்கும் வந்துவிட்டது. கடைப் பையன் சிரித்தான்.

"நீவு ஒந்து சல ஹாக்கொண்டு நோடி மேடம்" என்றான். ஒரு தடவை நீங்களும்தான் போட்டுப் பாருங்களேன் என்கிறான். அவனுக்கு என்ன, பொழுது போக வேண்டும்.

எனக்கும் நிவிக்கும் ஒரே அளவு கால். செருப்பை உதறிவிட்டுப் போட்டேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தரை கொஞ்சம் தள்ளிப் போய்விட்ட மாதிரி இருந்தது. "குதிம்மா, குதி" என்று நிவி போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். குதித்தேன். பெரிய குதி இல்லை, பிளாட்பாரத்திலிருந்து ரயிலுக்குள் ஏறுகிற அளவுக்கு ஒரு குதி. இறங்கும்போது முட்டியில் சத்தம் வந்ததே தவிர வலி வரவில்லை. அடியை ஷூ வாங்கிக்கொண்டது.

"செமயா இருக்குல்ல?" என்றாள் நிவி. உடனே, "ஆனா லேஸ் கலர் ஒரு மாதிரி இருக்கும்மா. வேற பாக்கலாம்" என்று அதைக் கழற்றச் சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள்.

என் வயிற்றில் சுருக்கென்று ஒன்று எரிந்தது. நண்பர் என்பதால் உங்களிடம் சொல்கிறேன், அவள் காதுக்குப் போக வேண்டாம். பெற்ற மகள் மேல் எனக்குப் பொறாமை வந்தது. லேஸ் நிறம் பிடிக்கவில்லை என்று அப்படி ஒரு ஷூவைத் தள்ளி வைக்க முடிகிற கால்கள் மேல் பொறாமை. குனிந்து கழற்றும்போது அதன் வாசனை ஏறியது. புது ரப்பரும் பசையும், பெட்டிக்குள் வைக்கிற மெல்லிசுத் தாளும் கலந்த வாசனை. இந்த வாசனையை நான் முதல் முதலில் முகர்ந்தது, கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் ஊரிகத்தில், என்னோடு படித்த ஃப்ளோரா தன் மடியில் வைத்துத் திறந்த பெட்டியில். அன்றைக்கு எரிய ஆரம்பித்ததுதான் இது. நடுவில் கொஞ்ச காலம் கனன்றுகொண்டு கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஷூ என்றால் அப்பாவுடைய பூட்ஸ்தான். அப்பாவுக்கு மைன்ஸில் டிம்பரிங் வேலை. பூமிக்கடியில் பாறை சரியாமல் இருக்க மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றி வாசலில் கவிழ்த்து வைப்பார். விரல் பக்கம் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ். அதிலிருந்து வருகிற வாசனையை வாசனை என்று சொல்ல முடியாது. ஈரப் பாறை, வியர்வை, மருந்து வெடித்த புகை எல்லாம் சேர்ந்த ஒரு நெடி. சின்ன வயதில் அதற்குள் காலை விட்டு, வரிசை வீடுகளான எங்கள் லைன் வீட்டுச் சந்து முழுக்கத் தட்டுத் தட்டென்று நடந்திருக்கிறேன். அதனால் ஷூ போடுவது என்றால் எதையோ இழுத்துக்கொண்டு போவது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்கெட்பால் எங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரர்கள் டென்னிஸ் ஆடிவிட்டுப் போன கோர்ட் ஒன்று ஊரிகத்தில் கிடந்தது. அவர்கள் போன பிறகு யாரோ இரண்டு பக்கமும் கம்பம் நட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் ஃபுட்பால் கிரவுண்டுக்கு ஓடிவிடுவார்கள். கோர்ட் எங்களுக்கு. ஆடிக் காற்றில் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி வந்து கண்ணையும் மூக்கையும் அடைக்கும். சில சமயம் பூமிக்கடியில் எங்கேயோ பாறை வெடித்து, கோர்ட் ஒரு உலுக்கு உலுக்கும். பந்தை அப்படியே பிடித்துக்கொண்டு எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் பார்த்து நிற்போம். அபாயச் சங்கு ஊதவில்லை என்றால் மூச்சு விட்டுவிட்டு மறுபடி ஆடுவோம். அப்பாக்கள் கீழே இருக்க மேலே குதிக்கிறோம் என்பது அப்போது வினோதமாகத் தோன்றவே இல்லை.

ஃப்ளோரா எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளி, சர்ச் பக்கம். அவள் அப்பா ஷாஃப்டில் இறங்குகிற கூண்டில், கேஜில், ஆள் ஏற்றி இறக்குகிற இடத்தில் மணி அடிக்கிறவர். என் அப்பா தினம் அவர் அடிக்கிற மணிக்குத்தான் கீழே இறங்குவார். நானும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே உயரம், ஒரே மாதிரி கறுப்பு. ஷூ வருவதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் ஆட்டம் சமமாக இருந்தது. நான் ஒரு பிடி மேலே என்று சொல்வேன். அவள் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள். இரண்டு பேருமே வெள்ளை கான்வாஸ் ஷூ. அழுக்கானால் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை ஈரமாக்கித் தடவுவோம். ஓடும்போது காலிலிருந்து மாவு உதிரும்.

ஃப்ளோராவின் அண்ணன் வளைகுடாவில் ஏதோ கம்பெனியில் இருந்தான். அவனிடமிருந்து ஒரு ஆள் மூலமாக வந்தது அந்தப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, பூப்போட்ட கவுனோடு, நேரே கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழே உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்தாள். வெள்ளை ஷூ, பக்கவாட்டில் நீலத்தில் ஒரு கோடு, கணுக்கால் வரைக்கும் உயரம். நாங்கள் எல்லோரும் கோயில் பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி சுற்றி நின்றோம்.

"கைல வாங்கிப் பாருங்கடி. காத்து மாதிரி கீது" என்றாள்.

எல்லோருக்கும் ஒரு தடவை போட்டுப் பார்க்கக் கொடுத்தாள். அதில் கஞ்சத்தனம் இல்லை. ஒருத்திக்குக் குதிகால் நுழையவில்லை. இன்னொருத்திக்கு உள்ளே ஒரு எலி குடியிருக்கலாம் போல இடம். என் முறை வந்தது. கால் உள்ளே போனதும் அப்படியே பிடித்துக்கொண்டது, என் காலை வைத்து அளவெடுத்துத் தைத்த மாதிரி. எழுந்து ஓடினேன். ஓடி வளையத்துக்குக் கீழே போய் எம்பினேன். வழக்கமாக வலையின் நுனிதான் விரலில் படும். அன்றைக்கு உள்ளங்கையே பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "ஏய்!" என்று கத்தினார்கள்.

"போதும், கழட்டுடி" என்றாள் ஃப்ளோரா. குரல் கொஞ்சம் கறாராக இருந்தது.

கழற்றிக் கொடுத்துவிட்டு என் கான்வாஸைப் போட்டபோது அப்பாவுடைய பூட்ஸைப் போட்ட மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் நான் பந்தைப் பார்த்து ஆடவில்லை, அவள் காலைப் பார்த்து ஆடினேன். அவள் எம்பினால் ஷூ எம்பியது. அவள் திரும்பினால் ஷூ திரும்பியது. அவள் கூடையில் பந்தைப் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது: இதைப் போட்டது ஷூ, அவள் இல்லை. பொறாமையில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், நம் பக்கம் குறையே இல்லாமல் போய்விடுகிறது. கணக்கு நோட்டில் ஷூ படம் வரைந்தேன். ஃப்ளோரா சாயங்காலம் அதைத் துடைத்துத் தாள் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிற பாங்கைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். என்னமோ சாமி சிலை.

வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். "ஃப்ளோரா ஷூ லேசா கீதுப்பா. என்துதான் கனமா கீது. அதான் எம்ப முடியல."

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசலில் உட்கார்ந்து, என் கான்வாஸ் ஷூவைத் தொடையில் கவிழ்த்து வைத்து, உளியால் அதன் ரப்பரைச் சீவிக்கொண்டிருந்தார். மரம் இழைக்கிற மாதிரி. சுற்றிலும் ரப்பர்ச் சுருள்.

"பாப்பா, இப்ப தூக்கிப் பாரு. கொறஞ்சிருக்குதா?"

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "இன்னும் கொஞ்சம் சீவட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேறு ஷூ இல்லை. அதையே போட்டுக்கொண்டு போனேன். லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அடிப்பாகம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டதால் கோர்ட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் என் பாதத்தோடு தனித்தனியாகப் பேசியது. நொண்டி நொண்டி ஆடினேன். "இன்னாடி, சேவல் மாதிரி ஆடற?" என்று கேட்டார்கள். அப்பாவின் உளி வேலையை அவர்களிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த லட்சணத்தில்தான் கோலாரில் ஜில்லா டீமுக்கு ஆள் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். காலையிலிருந்து ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, மத்தியானம் பெயர்களைப் படித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு பெயர். ஃப்ளோரா.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் முன் சீட்டில், ஜன்னல் ஓரம். நான் பின்னால். யாரோ என்னிடம், "விடுடி, அடுத்த வருசம் உன்ன எடுப்பாங்க" என்றாள். ஆறுதல் சொன்னால் எனக்கு எப்போதுமே இன்னும் மோசமாகும்.

"எனக்கு இன்னா? அவளா ஆடினா? ஷூ ஆடுச்சி. அந்த ஷூவ ஒரு கழுதைக்குப் போட்டா அதுகூட செலக்ட் ஆவும்" என்றேன். மெல்லத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கிறது. முன் சீட்டில் ஃப்ளோராவின் பின்னல் அசையாமல் இருந்தது. 

மறுநாள் சாயங்காலம் அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பெட்டியோடு வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து, ஷூவை எடுத்து, லேஸை நன்றாகத் தளர்த்தி, என் கால் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"போட்டுக்கோ."

"எதுக்கு?"

"நீ ஷூ போட்டுனு ஆடு. நான் ஒண்ணும் போடாம ஆடறேன். பத்து பாயின்ட். கழுத ஜெயிக்குதா, ஷூ ஜெயிக்குதா பாக்கலாம்."

தான் போட்டு வந்த கான்வாஸைக்கூடக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு கோர்ட்டின் நடுவில் போய் நின்றாள். மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அது ஷிஃப்ட் விடுகிற நேரம். டிபன் கேரியரோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் இரண்டு பெண்கள் மட்டும் ஆடுகிறதைப் பார்த்து ஒவ்வொருவராக நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய கூட்டம். அதில் என் அப்பாவும் இருந்தார்.

முதலில் நான் பறந்தேன். நிஜமாகவே பறந்தேன். அந்த ஷூ எனக்கென்று பிறந்தது. அடுத்தடுத்து மூன்று கூடை போட்டேன். கூட்டத்தில் விசில் அடித்தார்கள். "பாத்தியா? ஷூதான்" என்று எனக்குள்ளே ஒரு குரல் துள்ளியது.

அதற்குப் பிறகு ஃப்ளோரா ஆட ஆரம்பித்தாள். ஷூ போட்ட காலுக்குச் சத்தம் உண்டு. எதிராளி எந்தப் பக்கம் வருகிறாள் என்று காதே சொல்லிவிடும். வெறுங்காலுக்குச் சத்தம் இல்லை. நான் திரும்பினால் அவள் அங்கே நின்றாள். பந்தைத் தட்ட நான் கையை இறக்குவதற்குள் பந்து அவள் கையில் இருந்தது. என்னைவிட உயரமாக ஒன்றும் அவள் எம்பவில்லை. எப்போது எம்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் இத்தனை நாளாக அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேனா, அவள் கண் எங்கே போகிறது என்று கவனிக்கவே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். தன் காலை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கடைசிக் கூடையை அவள் போட்டபோது நான் ரொம்பத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன், உலகத்திலேயே லேசான ஷூவைப் போட்டுக்கொண்டு.

கூட்டம் கை தட்டியது. என் அப்பாவும் தட்டினார். என் அப்பா! ஃப்ளோராவுக்கு!

கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். அவள் நடந்த இடத்தில் சிமெண்டு மேல் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது.

அப்பாவோடு வீட்டுக்கு நடந்தேன். ஏதாவது சொல்லுவார், "பரவால்ல பாப்பா" என்பார் என்று எதிர்பார்த்தேன். லைன் பக்கம் வந்ததும் அவர், "அந்தப் பொண்ணு கால்ல ரத்தம் பாத்தியா? மருந்து போட்டாங்களா?" என்று கேட்டார்.

தோற்றது நான். கேட்பது அவள் காலைப் பற்றி. அந்த நிமிஷம் எரிந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் நெஞ்சில் கரிக்கிறது. அப்பா வீட்டுக்குள் போய், மைன்ஸ் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊதா மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "போ. குடுத்துட்டு வா." வேறு வழியில்லை.

ஃப்ளோராவின் அம்மா கதவைத் திறந்து, "வாம்மா, உள்ளதான் கீறா" என்றார்கள். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஃப்ளோரா சமையலறைப் படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெந்நீர்ப் பேசினுக்குள் வைத்திருந்தாள். மருந்தை நீட்டினேன். காலை வெளியே எடுத்தாள். உள்ளங்காலில் அன்றைய கிழிசல். அதை எதிர்பார்த்துத்தான் வந்தேன். ஆனால் குதிகாலின் பின்பக்கம் வேறு ஒன்று இருந்தது. தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்து, பழுப்பும் சிவப்புமாக. அது ஒரு நாளில் வந்த புண் இல்லை.

"இது இன்னாடி?"

"ஷூ கடிக்குது."

"எப்பலேர்ந்து?"

"வந்த நாள்லேர்ந்து. அண்ணன் போறப்ப நான் சின்னப் புள்ள. என் கால் அளவு அவனுக்கு எங்க தெரியும்? குத்துமதிப்பா வாங்கிட்டான். சின்னதா கீது."

"அப்ப ஏன்டி போட்டுனு ஆடற?"

"போடலன்னா அம்மா அவனுக்குச் சொல்லிடும். அவன் வருத்தப்படுவான்." மருந்தைத் தடவிக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். "அதுவுமில்லாம, நீ அத்த பாக்கற பாரு ஒரு பார்வ. அதுக்காகவே போடலாம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சரியா இருக்குது தெரியுமா?" என்றேன்.

"தெரியும். அன்னிக்கே பாத்தேன், உன் காலு உள்ள போன அழக. அதான் சீக்கிரம் கழட்டச் சொன்னேன்."

"அப்ப குடுத்துடேன்."

"மாட்டேன்."

"நீ செத்தா?"

"கூடவே பொதைக்கச் சொல்லிடுவேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா அப்டி சிரிப்பு?" என்று கேட்டார்கள். நான் முட்டி போட்டு உட்கார்ந்து அவளுடைய இன்னொரு காலுக்கு மருந்து போட்டேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். போகவில்லை. இன்னும் கூடியது. முன்னால் ஷூ மேல் இருந்தது. இப்போது, கடிக்கிற ஷூவோடு அப்படி ஆடுகிறவள் மேல் வந்தது. ஆனால் அந்தப் பொறாமையோடு அவள் பக்கத்தில் உட்கார முடிந்தது. காலைத் தொட்டு மருந்து போட முடிந்தது. நாங்கள் நெருங்கியது அன்றைக்குத்தான்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரா ஜில்லாவுக்கு ஆடினாள், மாநிலத்துக்கு ஆடினாள், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஹூப்ளியில் அரசாங்க வேலை வாங்கினாள். நான் பி.காம் முடித்து பெங்களூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் சேர்ந்தேன். அன்றிலிருந்து இன்று வரைக்கும் ஊரிகத்திலிருந்தே காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புகிறேன். உட்கார இடம் கிடைத்த நாள் திருநாள். நின்றுகொண்டே போகும்போது, ஃப்ளோரா ஆபீஸுக்கு நடந்து போகிற குவார்ட்டர்ஸில் இருக்கிறாளாமே என்று நினைத்துக்கொள்வேன். அவள் போனில், "இங்க மழ, ஜன்னலோரம் உக்காந்து டீ குடிச்சினு கீறேன்" என்று சொல்லும்போது நான் பங்காருபேட்டையில் யாரோ ஒருவரின் முழங்கைக்குக் கீழே நசுங்கிக்கொண்டிருப்பேன். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துத்தான் போன் செய்கிறாள் என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

மைன்ஸை மூடினார்கள். அப்பா வீட்டில் உட்கார்ந்தார். பூமிக்கடியில் இருந்தவரை அடங்கிக் கிடந்த இருமல் மேலே வந்ததும் பிடித்துக்கொண்டது. கட்டிலோடு கிடந்து, காலும் கையும் குச்சியாகி, சில வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். ஃப்ளோரா தன் அப்பா அம்மாவை ஹூப்ளிக்கே கூட்டிக்கொண்டாள். எங்களோடு ஆடினவர்களில் ஒருத்தி ஓசூர், ஒருத்தி மஸ்கட், மற்றவர்கள் எங்கே என்றே தெரியாது. ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவது நின்றுபோனது. கொஞ்ச நாள் வரைக்கும் அந்த நேரத்துக்கு எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஃப்ளோரா வந்தாள். சர்ச்சுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். முட்டி இரண்டும் வீங்கி, டாக்டர் சொன்ன ரப்பர்ச் செருப்பு போட்டிருந்தாள். "கோர்ட்டப் பாத்துட்டு வரலாம் வாடி" என்றாள்.

"அங்க ஒண்ணும் இல்ல."

"பரவால்ல, வா."

போனோம். முள்செடி இடுப்பு உயரத்துக்கு. அங்கங்கே சிமெண்டு பெயர்ந்து கிடந்தது. நான் தினம் ஸ்டேஷனுக்குப் போகிற வழிதான். முதலில் வளையம் போனதைப் பார்த்தேன். ஒரு மழைக்காலத்தில் பலகை விழுந்ததைப் பார்த்தேன். கம்பத்தை யாரோ பட்டப்பகலில் அறுத்து வண்டியில் ஏற்றியதைப் பார்த்தேன். வேலி எப்போது போனது என்று சொல்ல முடியவில்லை.

ஃப்ளோரா முள்ளை விலக்கிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நின்றாள். "இங்கதான போர்டு? பச்ச கலர். கீழ மூலையில பெயின்ட் உரிஞ்சி மரம் தெரியும். அந்த எடத்தப் பாத்துதான் நான் பந்த அடிப்பேன்."

பச்சையா? நான் யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் எனக்கு வந்தது, பலகை விழுந்த பிறகு மொட்டையாக நின்ற கம்பம். அதற்கு முன்னால் போனால், வளையம் போன பலகை. நிறம் வரவில்லை.

"இன்னாடி, ஞாபகம் இல்ல? தெனம் இங்கதான கீற?"

"தெனம் இருக்கறதாலதான்டி."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. அவள் போன அன்றைக்குக் கோர்ட் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஹூப்ளியில் வைத்திருக்கிறாள். எனக்கு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் போய், மிச்சம் இருப்பதை மட்டும் பார்த்துப் பார்த்து, கடைசியில் இந்த முள்செடிதான் கோர்ட் என்று ஆகிவிட்டது. அவள் பேசிக்கொண்டே போனாள். பந்து போய் விழுகிற சாக்கடை, தண்ணீர்க் குழாய், விசில் அடிக்கிற ஆட்கள்.

"உங்கப்பா அந்த வேலிக் கம்பிகிட்டதான் நிப்பாரு. கேரியர முள்ளுக்கம்பில மாட்டிடுவாரு. தலத்தொப்பிய கக்கத்துல வெச்சிக்குவாரு. இன்னா கம்பீரம்டி அந்தாளு! அவரு நிக்கறாரான்னு பாத்துட்டுதான் நான் ஆடவே ஆரம்பிப்பேன்."

அப்பா அங்கே நின்றார் என்று எனக்குத் தெரியும். எப்படி நின்றார் என்று தெரியாது. கண்ணை மூடினால் எனக்குக் கட்டிலில் இருக்கிற அப்பாதான் வருகிறார், இருமலுக்கு நடுவில் மூச்சைத் தேடுகிற அப்பா. நின்றுகொண்டிருக்கிற அப்பா ஃப்ளோராவிடம் இருக்கிறார்.

"எப்டி நிப்பாரு?" என்று கேட்டேன்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இல்லாத வேலியின் கீழ்க்கம்பி மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, இல்லாத வேலிக் கம்பத்தில் ஒரு கையை ஊன்றி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கோர்ட்டைப் பார்த்து நின்றாள். என் அப்பாவேதான். அடிவயிறு எரிந்தது எனக்கு. அவளுக்கு முட்டி தாங்கவில்லை போல, "அம்மா" என்று காலைக் கீழே இறக்கினாள்.

"இன்னொரு வாட்டி நில்லுடி" என்றேன்.